அப்பா வீடு யாருக்கு? தென்னாப்பிரிக்காவில் உயில், எஸ்டேட், டிரஸ்ட், பவர் தகராறுகள்: முழுமையான வழிகாட்டி

டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ டொங்காட்டிலோ, பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பியதும் எழும் கேள்வி ஒன்றுதான்: "சரி, வீட்டை என்ன செய்யப் போறோம்?" அதற்கு ஆளுக்கொரு பதில் வந்தால் அடுத்த நாளே "வக்கீலைப் பார்க்கிறேன்" என்று ஒருவர் கிளம்பிவிடுவார். அவசரப்பட வேண்டாம். நடப்பது எந்த வகைச் சண்டை என்று தெரியாமல் வக்கீலிடம் போனால், அதைக் கண்டுபிடிப்பதற்கே அவருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் "உயில் தகராறு" என்று ஒரே பெயர். சட்டத்தில் அவை வேறு வேறு. உயில் செல்லுமா என்பது ஒன்று. உயிலே இல்லாதபோது வாரிசு யார் என்பது இன்னொன்று. உயிலில் குறை ஏதும் இல்லை, எக்ஸிகியூட்டர்தான், அதாவது இறந்தவரின் சொத்தை நிர்வகித்துப் பிரிக்க நியமிக்கப்பட்டவர்தான், வேலை செய்யவில்லை என்பது மூன்றாவது. நான் பார்த்தவரை இந்த மூன்றாவதுதான் மிக அதிகம். டிரஸ்ட் (பிறர் நலனுக்காகச் சிலர் பொறுப்பில் சொத்தை வைக்கும் ஏற்பாடு) சண்டையும், அம்மா உயிரோடு இருக்கும்போதே பவர் பத்திரத்தை (தன் சார்பில் செயல்பட ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வைத்துப் பணம் எடுக்கிற சண்டையும் தனி. ஒவ்வொன்றுக்கும் போகிற கதவு வேறு, கெடுவும் வேறு.

முதலில் காகிதம்

ஒருவர் இறந்த 14 நாளுக்குள் அவர் வாழ்ந்த பகுதிக்குரிய மாஸ்டர் அலுவலகத்தில் எஸ்டேட்டை, அதாவது அவர் விட்டுச்சென்ற சொத்தையும் கடனையும், பதிவு செய்ய வேண்டும். மாஸ்டர் என்பவர் உயர் நீதிமன்றத்தோடு இணைந்த அதிகாரி. குவாசுலு-நட்டாலில் டர்பனிலும் பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலும் அலுவலகம் உண்டு. இறப்பு அறிவிப்புப் படிவம் ஜே294, சொத்துப் பட்டியல் ஜே243. உயில் யார் கையில் இருந்தாலும் மாஸ்டரிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும். ஒளித்து வைப்பதும் கிழித்துப் போடுவதும் குற்றம். "அண்ணன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான்" என்று புலம்புவதைவிட, இந்தச் சட்டக் கடமையை எழுத்தில் அவருக்கு நினைவூட்டுங்கள்.

எஸ்டேட் ஏற்கெனவே பதிவாகிவிட்டதா என்று நீதித்துறையின் இணையதளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடலாம். எண் கிடைத்தால் மாஸ்டர் அலுவலகத்தில் கோப்பைக் கேட்டு, உயிலின் நகலை வாங்குங்கள். அப்புறம் வீட்டின் டைட்டில் டீட், அதாவது உரிமைப் பத்திரம். குவாசுலு-நட்டால் வீடுகளுக்கு அது பீட்டர்மரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸில் (சொத்துப் பதிவு அலுவலகம்) இருக்கும்.

நம் குடும்பங்களுக்கென்றே இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று பெயர். தாத்தாவின் அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டல், இறப்புச் சான்றிதழில் இன்னொன்று, டீடில் மூன்றாவது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாண வாக்குமூலம் தயாரித்து வைத்தால் பிறகு மாதக்கணக்கில் அலைய வேண்டாம். இன்னொன்று, வீடு இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பது. 1960-களில், குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் பெயர்த்து எறியப்பட்டுச் சாட்ஸ்வர்த்துக்கு வந்தவர்கள் அரும்பாடுபட்டு வாங்கிய வீடுகள் பல. தாத்தா போனபோது யாரும் எஸ்டேட் திறக்கவில்லை, அப்பாவும் போய்விட்டார். இப்போது அப்பாவின் எஸ்டேட்டை மட்டும் திறந்தால் போதாது. தாத்தாவுடையதையும் திறக்க வேண்டும். அதனால் அப்பாவின் உடன்பிறந்தவர்களும் பங்குக்கு வரலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் அண்ணன் தம்பி இருவரும் அடித்துக்கொள்வதில் பயனில்லை.

எஸ்டேட்டில் எது இருக்கிறது, எது இல்லை

ஆன்டிநப்ஷியல் (திருமணத்துக்கு முந்தைய சொத்து) ஒப்பந்தம் போடாமல் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு வழக்கமாகச் சொத்து கூட்டுச் சொத்து. வீடு அப்பா பெயரில் மட்டும் இருந்தாலும் பாதி அம்மாவுடையது. அப்பாவின் உயில் மறுபாதியைத்தான் தொட முடியும்.

பெயர் குறிப்பிட்டு எடுத்த ஆயுள் காப்பீட்டுப் பணம் நேராக அந்தப் பெயருக்கு உரியவருக்குப் போகும். பென்ஷன் ஃபண்டின் இறப்புத் தொகையும் உயிலின்படி போகாது. பென்ஷன் ஃபண்ட்ஸ் சட்டத்தின் 37சி பிரிவின்படி, இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்கள் யார் யார் என்று விசாரித்து, ஃபண்டின் டிரஸ்டிகளே பிரிக்கிறார்கள். அந்த முடிவு பிடிக்கவில்லையா? புகார் போக வேண்டிய இடம் பென்ஷன் ஃபண்ட்ஸ் அட்ஜுடிகேட்டர். இதை உயில் வழக்கில் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

தமிழ்நாட்டில் நிலம் கிடந்தால் அது இந்தியச் சட்டப்படி போகும். அதற்கு அங்கேயே ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டும்.

உயில் இல்லையென்றால்

முதலில் ஒரு நினைப்பைத் தூக்கி எறியுங்கள். "பூர்வீகச் சொத்து", "மூத்த மகனுக்குத்தான் உரிமை", "கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை" என்று ஊர்ப் பேச்சிலும் சீரியலிலும் கேட்டது எதுவும் இங்கே செல்லாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் தென்னாப்பிரிக்காவில் இல்லை. இங்கே ஆள்வது 1987-ஆம் ஆண்டின் இன்டெஸ்டேட் சக்சஷன் (உயில் இல்லாதபோது வாரிசுரிமை) சட்டம், எண் 81. மகன், மகள், தத்துப்பிள்ளை, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை எல்லாருக்கும் சம பங்கு.

கணக்கு எப்படி வரும் என்று ஒரு உதாரணம். கூட்டுச் சொத்துத் திருமணம், கடனில்லாத வீடு, மதிப்பு 9,00,000 ராண்ட், அம்மாவும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள், உயில் இல்லை. பாதி, அதாவது 4,50,000, முதலிலேயே அம்மாவுடையது. அப்பாவின் எஸ்டேட் மீதி 4,50,000. அதைப் பிள்ளைகள் மூவர், அம்மா ஒருவர் என்று நாலாகப் பிரித்தால் ஒரு பங்கு 1,12,500. ஆனால் சட்டப்படி வாழ்க்கைத்துணைக்கு அந்தப் பங்கு அல்லது 2,50,000 ராண்ட், இரண்டில் எது பெரிதோ அது. எனவே அம்மாவுக்கு 2,50,000. மிச்சம் இரண்டு லட்சத்தை மூன்று பிள்ளைகள் பிரித்தால் ஆளுக்கு ஏறக்குறைய 66,667. ஆக ஒன்பது லட்ச வீட்டில் ஏழு லட்சம் அம்மாவுடையது. "வீட்டை வித்துப் பங்கைக் குடு" என்று குரலை உயர்த்தும் மகனிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினாலே குரல் பாதி இறங்கிவிடும். செலவுகளைக் கழித்தால் அவர் பங்கு இன்னும் குறையும்.

அடுத்த கேள்வி, அம்மா சட்டப்படி "மனைவி"யா? கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டி நடந்த கல்யாணம். பதிவு மட்டும் இல்லை. முன்பு இப்படிப்பட்ட விதவைகள் வெறுங்கையோடு போனார்கள். 2008-இல் டர்பன் உயர் நீதிமன்றம், ஒருதார இந்துத் திருமணத்தில் இருந்தவரும் இன்டெஸ்டேட் சட்டத்தின் கண்ணில் வாழ்க்கைத்துணையே என்று தீர்த்தது. கல்யாணப் படம், பத்திரிகை, மந்திரம் சொன்ன ஐயரின் வாக்குமூலம், அன்றைக்கு வந்திருந்த பெரியவர்கள் இருவரின் வாக்குமூலம் எல்லாம் இதற்கு ஆதாரம். பதிவு இல்லையே என்பதற்காக மைத்துனர்கள் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஆனால் ஒன்று: பதிவு இல்லாத திருமணத்தில் மேலே சொன்ன கூட்டுச் சொத்துப் பாதி தானாக வராது. கணக்கு மாறும்.

கல்யாணமே செய்யாமல், ஒருவரையொருவர் ஆதரிக்கும் பொறுப்போடு நிரந்தரமாகச் சேர்ந்து வாழ்ந்த ஜோடிகளுக்கும் 2021 டிசம்பர் 31 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் வழி திறந்தது.

உயிலை எதிர்ப்பது

தென்னாப்பிரிக்காவில் ஒருவர் தன் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதினாலும், அது மட்டுமே உயிலை உடைக்கக் காரணமாகாது. "அநியாயம்" என்று ஒரு வாதம் நீதிமன்றத்தில் இல்லை. விதிவிலக்குப் போல இருப்பது ஜீவனாம்சம். 1990-ஆம் ஆண்டின் சட்டம் எண் 27-இன் கீழ், தனக்குப் பிழைப்புக்கு வழியில்லாத கணவனோ மனைவியோ எஸ்டேட்டிடம் நியாயமான பராமரிப்பைக் கேட்கலாம்; இன்னும் தன் காலில் நிற்காத பிள்ளைகள் காமன் லா (நீதிமன்றங்கள் வளர்த்த பொதுச் சட்டம்) வழியாகக் கேட்கலாம். உயிலில் பெயர் இல்லாத மனைவிக்கு உயிலை உடைக்கும் வழக்கைவிட இதுவே நல்ல வழி என்பது என் கருத்து.

சரி, உயிலை உடைக்கத்தான் வேண்டும் என்றால் அசல் காகிதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். 1953-ஆம் ஆண்டின் வில்ஸ் சட்டம் எண் 7 கேட்பது இவ்வளவு: எழுதியவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் எழுத்து முடியும் இடத்தில் அவர் கையெழுத்து. மற்ற ஒவ்வொரு பக்கத்திலும் எங்காவது அவர் கையெழுத்து. 14 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள், இருவரும் ஒரே நேரத்தில் அங்கே இருந்து, அவர் முன்னாலும் ஒருவர் முன்னால் ஒருவரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். "நான் பக்கத்து அறையில் இருந்தேன், அப்புறமா கொண்டுவந்து கொடுத்தாங்க" என்று ஒரு சாட்சி சொன்னால் உயில் ஆட்டம் காணும்.

பழைய தலைமுறையில் கைநாட்டு உயில்கள் நிறைய. கைநாட்டு இருந்தால் கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் (சத்தியப் பிரமாணம் வாங்கும் அதிகாரி) ஒருவரின் சான்றுரை கட்டாயம். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்தும் வேண்டும். அவரைப் பிடிப்பது கஷ்டமில்லை, போலீஸ் ஸ்டேஷன் அதிகாரியே போதும். ஆனால் வீட்டிலேயே அவசரமாக வைத்த பெருவிரல் ரேகைகளில் இது விட்டுப்போயிருக்கும். தமிழில் எழுதிய உயில் செல்லும்; மொழி ஒரு குறையில்லை. சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் பெயர்ப்பு வேண்டும், அவ்வளவுதான்.

சாட்சி யார் என்பதையும் கவனியுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும், உயிலைத் தன் கையால் எழுதிக்கொடுத்தவரும், இவர்களுடைய கணவன் மனைவியும் பொதுவாக அந்த உயிலால் பயன் பெற முடியாது. உயில் செத்துவிடாது, அவர் பங்குதான் போகும். அவர் இல்லாமலே வேறு இரண்டு தகுதியான சாட்சிகள் இருந்தாலும், ஏமாற்று வேலையோ நெருக்கடியோ இல்லை என்று நீதிமன்றம் திருப்தியடைந்தாலும் பங்கு தப்பும். மகளுக்கு எழுதிய உயிலில் மருமகன் சாட்சிக் கையெழுத்துப் போடுவது நம் வீடுகளில் வழக்கமாக நடக்கும் கோளாறு.

எதிர்த்தரப்புக்கும் ஆயுதம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். சட்டத்தின் 2(3) பிரிவின்படி, இறந்தவர் தானே தயாரித்தோ கையெழுத்திட்டோ வைத்த ஆவணம் அவருடைய உயிலாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம் என்று தெரிந்தால், முறைக் குறைகள் இருந்தாலும் அதை ஏற்கும்படி நீதிமன்றம் மாஸ்டருக்கு உத்தரவிடும். கம்ப்யூட்டரில் கிடந்த கோப்பையே இப்படி ஏற்ற வழக்கு உண்டு. அதனால் ஒரு கையெழுத்து குறைகிறது என்ற ஒரே காரணத்தை நம்பி வழக்குப் போட வேண்டாம்.

முறை சரியாக இருந்தால் மிஞ்சுவது மூன்று காரணங்கள்: மனத்தெளிவு இல்லை, நெருக்கி எழுதவைத்தார்கள், கையெழுத்து போலி. மூன்றையும் நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். பார்வைக்கு முறையாக இருக்கும் உயில் செல்லும் என்றே சட்டம் தொடங்குகிறது. "அப்பாவுக்கு டிமென்ஷியா" என்பது போதாது. கையெழுத்துப் போட்ட அந்த நேரத்தில், என்ன செய்கிறோம், அதன் விளைவு என்ன என்று அவருக்குப் புரிந்ததா என்பதே கேள்வி. ஆகவே அந்தத் தேதியைச் சுற்றிய ஆஸ்பத்திரிக் கோப்பு, மருந்துச் சீட்டு, நர்ஸின் குறிப்பு ஆகியவற்றைத் தேடுங்கள். உயிலைத் தயாரித்த வக்கீல் அறையில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கலாம், அதையும் கேளுங்கள். போலிக் கையெழுத்து என்றால் அதே காலத்தில் அவர் போட்ட கையெழுத்துகள் வேண்டும்: செக், வங்கிப் படிவம், லைசென்ஸ். கையெழுத்து நிபுணருக்கு நகல் போதாது, அசல் வேண்டும்.

விவாகரத்தானவர்களுக்கு ஒரு விதி. விவாகரத்தாகி மூன்று மாதத்துக்குள் இறந்தால், அதற்கு முன் எழுதிய உயிலில் முன்னாள் துணைக்கு விட்டது, வேறு எண்ணம் உயிலிலேயே தெரிந்தாலொழிய, செல்லாது. மூன்று மாதம் தாண்டிவிட்டால் பழைய உயில் அப்படியே உயிர் பெறும். விவாகரத்துக்குப் பிறகு உயிலை மாற்ற மறந்தவர்களின் பிள்ளைகள்தான் பிற்பாடு தவிக்கிறார்கள்.

ஆட்சேபம் இருந்தால் மாஸ்டருக்கு உடனே எழுதுங்கள், எக்ஸிகியூட்டர் நியமனக் கடிதம் வெளிவருவதற்கு முன்பே. மாஸ்டர் நீதிபதியில்லை, கையெழுத்து போலியா என்று அவர் தீர்க்கமாட்டார். ஆனால் சந்தேகமான உயிலை, நீதிமன்றம் தீர்க்கும்வரை ஏற்க மறுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. தீர்ப்பு உயர் நீதிமன்றத்தில் மட்டுமே. ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்டுக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் உயில் செல்லுமா என்று விசாரிக்க அதிகாரம் இல்லை.

எக்ஸிகியூட்டர் அசையவில்லை

பல வீடுகளில் எல்லாரும் ஒப்புக்கொண்ட உயில், மூத்தவரோ வங்கியோ எக்ஸிகியூட்டர், மூன்று வருடமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. இங்கே உயிலைத் தாக்கிப் பயனில்லை. கெடுக்களைப் பிடியுங்கள்.

நியமனம் ஆனதும் கடன்காரர்களை அழைத்து அரசிதழிலும் செய்தித்தாளிலும் விளம்பரம். கடன்காரர்களுக்குக் கொடுக்கும் அவகாசம் 30 நாளுக்குக் குறையாது, மூன்று மாதத்துக்கு மேல் போகாது. நியமனத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் வரவுசெலவுப் பங்கீட்டுக் கணக்கை மாஸ்டரிடம் தர வேண்டும். வக்கீல்கள் எல் அண்ட் டி கணக்கு என்பார்கள். கூடுதல் காலம் வேண்டுமென்றால் மாஸ்டரிடம் கேட்டுப் பெற வேண்டும். கணக்கு வரவில்லையென்றால் மாஸ்டரோ, பங்குள்ள எவருமோ 30 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நீதிமன்ற உத்தரவு கேட்கலாம். அநேகமாக அந்த நோட்டீஸே வேலையை நடத்திவிடும்.

கணக்கு வந்த பிறகு அது 21 நாள் பார்வைக்கு வைக்கப்படும். இந்த 21 நாள்தான் உங்கள் பொன்னான நேரம். விளம்பரத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் பணம் பிரிந்துபோகும். ஆட்சேபத்தைக் காரணத்தோடு இரண்டு நகலாக மாஸ்டரிடம் கொடுங்கள். எக்ஸிகியூட்டர் 14 நாளில் பதில் சொல்ல வேண்டும். மாஸ்டர் முடிவு சொல்வார். அதுவும் சரியில்லையென்றால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றம்.

கணக்கில் பார்க்க வேண்டியது எக்ஸிகியூட்டர் கட்டணம். உயிலில் வேறு தொகை இல்லையென்றால் மொத்தச் சொத்து மதிப்பில் 3.5 சதவீதம், இறந்த பிறகு வந்த வருமானத்தில் 6 சதவீதம். கடனைக் கழிக்கும் முன் உள்ள மதிப்பில் என்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன 9,00,000 ராண்ட் வீட்டுக்கு 31,500 ராண்ட், வாட் வரி தனி. நியமனத்துக்கு முன் பேரம் பேசினால் குறைப்பார்கள், பிறகு குறைக்கமாட்டார்கள். மொத்தம் 2,50,000 ராண்டுக்குள் அடங்கும் எஸ்டேட் என்றால் இவ்வளவு சடங்கு இல்லை, எளிய அதிகாரக் கடிதமே போதும். எஸ்டேட் டியூட்டி வரி 35 லட்சம் ராண்ட் வரை இல்லாததால், சாதாரணக் குடும்பங்கள் அதற்குப் பயப்பட வேண்டாம்.

அண்ணன் எக்ஸிகியூட்டராக இருந்துகொண்டு வீட்டைத் தன் நண்பருக்கு மலிவாக விற்கப் பார்த்தால்? விற்பனையின் முறைக்கும் நிபந்தனைக்கும் வாரிசுகள் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் மாஸ்டர் முடிவு செய்வார். வெறும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கடமையைச் செய்யாத எக்ஸிகியூட்டரை மாஸ்டரே நீக்கலாம், நீதிமன்றமும் நீக்கலாம். அதற்கு நிரூபணம் வேண்டும்: பதில் வராத மின்னஞ்சல்கள், எஸ்டேட் கணக்கின் வங்கி அறிக்கை. வாய்ச்சண்டை ஆதாரமாகாது.

பவர் பத்திரம்: உயிரோடு இருப்பவரின் எஸ்டேட்

தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் பவர் ஆஃப் அட்டர்னி, அதைக் கொடுத்தவர் தன் புத்தியை இழக்கும் நாளிலேயே செத்துவிடுகிறது. இங்கிலாந்தில் மறதி நோய்க்குப் பிறகும் செல்லும் பவர் உண்டு; இங்கே இல்லை. "புத்தி போனாலும் இது செல்லும்" என்று பத்திரத்திலேயே எழுதினாலும் செல்லாது. அம்மா நன்றாக இருந்தபோது கொடுத்த பத்திரத்தைக் காட்டி, அல்ஸைமர் முற்றிய பிறகும் மகன் பணம் எடுத்தால் அதற்கு அதிகாரமில்லை. இறந்த பிறகு எடுத்தால் இன்னும் மோசம். பவர் மரணத்தோடு முடிகிறது, அதன்பின் எஸ்டேட் பணத்தைத் தொட எக்ஸிகியூட்டருக்கு மட்டுமே உரிமை. காரியச் செலவுக்கு என்று அப்பாவின் வங்கி அட்டையைத் தேய்ப்பவர்கள் ரசீதை வைத்திருங்கள்.

அம்மாவின் புத்தி போய்விட்டது என்று தோன்றினால்: வங்கிக்கு மருத்துவர் கடிதத்தோடு எழுதிப் பவரை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு இரண்டு வழி. உயர் நீதிமன்றத்தில் கியூரேட்டர் போனிஸ் (அவருடைய சொத்தைப் பார்த்துக்கொள்பவர்) நியமிக்கக் கேட்பது ஒன்று. அதற்கு மருத்துவர்களின் வாக்குமூலமும், வழக்கில் அம்மாவின் நலன் பார்க்க முதலில் ஒரு கியூரேட்டர் ஆட் லிட்டமும் (அவர் சார்பில் பேசுபவர்) தேவை, செலவு அதிகம். மற்றது 2002-ஆம் ஆண்டின் மென்டல் ஹெல்த் கேர் சட்டத்தின் கீழ் மாஸ்டர் வழியாக நிர்வாகி நியமிப்பது. சிறிய சொத்துக்கும் பென்ஷனில் வாழ்பவர்களுக்கும் பொருத்தம் இதுதான். யார் நியமிக்கப்பட்டாலும் மாஸ்டருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பவர் பத்திரத்துக்கு அந்த மேற்பார்வை இல்லாததால்தான் அதில் இவ்வளவு களவு.

டிரஸ்ட்

டிரஸ்ட் சண்டையில் முதலில் கேட்க வேண்டியது டிரஸ்ட் பத்திரமும், டிரஸ்டிகளுக்கு மாஸ்டர் கொடுத்த அதிகாரக் கடிதமும். கடிதம் இல்லாமல் செயல்படும் டிரஸ்டிக்கு அதிகாரமில்லை. பத்திரத்தில் வேறு மாதிரி இல்லையென்றால் டிரஸ்டிகள் எல்லாரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும். ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் போட்ட ஒப்பந்தம் கேள்விக்குள்ளாகும். பயனாளி என்ற முறையில் நீங்கள் கணக்குக் கேட்கலாம், தராவிட்டால் மாஸ்டரிடம் போகலாம், நீக்கக் கேட்டு நீதிமன்றமும் போகலாம். அண்ணனே டிரஸ்டி, அண்ணனே கணக்காளர், அண்ணனே அதில் குடியிருப்பவர் என்றிருந்தால், சுயேச்சையான டிரஸ்டி ஒருவரை நியமிக்கும்படி மாஸ்டரிடம் கேளுங்கள். சிறுவர்களுக்கு நேரடியாக விட்ட பணம் பொதுவாகச் சிறுவர் பணத்தைக் காக்கும் மாஸ்டரின் கார்டியன்ஸ் ஃபண்டுக்குப் போகும்.

கோர்ட்டும் சமரசமும்

உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பவர், சமரசப் பேச்சுக்கு இசைவா இல்லையா என்று 2020 முதல் 41ஏ விதியின்படி தொடக்கத்திலேயே எழுத்தில் சொல்ல வேண்டும். "இசைவு" என்று சொல்லத் தயங்காதீர்கள். தோற்றவர் செலவு கட்டுவது பொது விதி. சில உயில் வழக்குகளில் எஸ்டேட்டிலிருந்தே செலவு எடுக்க நீதிமன்றம் சொல்லும். அப்படியென்றால் கரைவது எல்லாருடைய பங்கும்தான். வசதியில்லாதவர்கள் லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்காவின் உள்ளூர் அலுவலகத்தில் தகுதி பார்க்கலாம்.

குடும்பம் உடன்பட்டால் மறுபங்கீட்டு ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. வாரிசுகள் தங்கள் பங்குகளை மாற்றிக்கொள்ளலாம்: தங்கை வீட்டை எடுத்துக்கொண்டு அண்ணனுக்குப் பணம் தருவது, அம்மா உயிர் உள்ளவரை அங்கேயே இருக்க உரிமை பதிவாவது, சாமி அறைப் பொருட்கள் மூத்த மருமகளுக்குப் போவது எல்லாம் அதில் எழுதலாம். எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டு, எல் அண்ட் டி கணக்கில் அது இடம்பெற வேண்டும். அம்மாவின் குடியிருப்பு உரிமையைப் பேச்சோடு விடாமல் டைட்டில் டீடில் பதிய வையுங்கள். அதை டீட்ஸ் ஆபீஸில் கன்வேயன்சர் எனப்படும் சொத்துப் பதிவு வக்கீல்தான் செய்ய முடியும். அவருடைய கட்டணத்தை யார் தருவது என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.